அடைபட்ட முடிச்சில் ஓடிய இரத்தம்

பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். சிறுநீரக நோயியல் மருத்துவனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். நோயாளியின் முகம் பாராமல் அவருடைய சதையை மட்டும் பார்க்கிற உத்தியோகம். அதில் ஆவிகளுக்கு இடம் இருந்ததில்லை. ஆகவே நீங்கள் இதை நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் நானும் நம்பமாட்டேன்.

திருகோணமலையில் துறைமுகம் தெரிகிற என் வீட்டுக்கு இப்போதும் நோயாளியின் சதைத் துணுக்கு ஒட்டிய, முடிவு சொல்லச் சந்தேகமான கண்ணாடிச் சிலைட்டுகள் வருவதுண்டு. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வுகூடத்து நசீரா ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே கிளிவெட்டியில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர். அவருடைய மனைவி திடீரென்று சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார். கடுமையான மருந்து கொடுத்துக் காப்பாற்ற இடமுண்டா, அல்லது வாழ்நாள் முழுக்க இரத்தம் சுத்திகரிக்கும் மெசின்தானா என்று நான் சொல்லவேண்டும்.

"இவ்வளவு சின்னக் கண்ணாடியிலயோ டொக்டர் என்ர மனுசி இருக்கிறா?"

"ஒரு துளி இருக்கிறா. நீங்கள் விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். இரத்தத்தை வடிக்கும் நுண்குழாய் முடிச்சுகள் எல்லாமே வடுவாகி அடைபட்டிருந்தன. மருந்துக்கு இடமில்லை. சொல்லிவிடலாம் என்று நிமிரும்போது ஓரத்து முடிச்சு ஒன்றில் ஏதோ அசைந்தது. சிவப்பணுக்கள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

போர்மலினில் ஊறவைத்து, மெழுகில் புதைத்து, மயிரிழையிலும் மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, மேலே கண்ணாடி ஒட்டிய சதை அது. ஓடுவதற்கு அதில் எதுவும் மிச்சமிருக்காது. என் கண்ணில் மிதக்கும் தூசியா? மற்றக் கண்ணால் பார்த்தேன். பசை காயவில்லையா? கல்லாக இறுகியிருந்தது. கப்பல் ஏதும் போகிற அதிர்வா? யன்னலுக்கு வெளியே கடல் சும்மா கிடந்தது. மின்விசிறியையும் நிறுத்தினேன். ஓடியது.

முடிச்சைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, நான் கண்டது என்னவென்று சொல்லாமலே நசீராவைப் பார்க்கச் சொன்னேன்.

"சேர் உங்கட கண்ணாடியத் துடைச்சுப்போட்டுத்தானே பாத்தனீங்கள்?" என்று சிரித்தபடி குனிந்தவர், சிரிப்பை நிறுத்தினார்.

"சேர்... இரத்தம் ஓடுது."

மாறி மாறிப் பார்த்தோம். பயமில்லை. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, அப்படி. உயிர் நின்றுபோன இடங்களையே பார்த்துத் தேய்ந்த கண்ணுக்கு, எதுவோ காட்டப்பட்டது. பிறகு மெல்ல நின்றது. நின்ற பின் பார்த்தால் அந்த முடிச்சும் முழு வடு. ஓர் அணு நுழையவும் வழியில்லை.

முடிவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெழுகில் மிச்சமுள்ளதை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னேன்.

"சீவினா ஒண்டும் மிஞ்சாது சேர்."

"மிஞ்சினா ஊறுகாயோ போடப்போறம்? சீவுங்கோ."

விறாந்தையில் கமக்காரர் எழுந்து நின்றார். "என்ன டொக்டர் தெரியுது?"

"நாளைக்குச் சொல்லுறன். இப்ப போய் மனுசிக்குப் பக்கத்தில இருங்கோ."

மறுநாள் புதிய சிலைட்டுகள் வந்தன. ஆழத்தில் இருந்த முடிச்சுகள் வீங்கியிருந்தன, புண்பட்டிருந்தன, ஆனால் திறந்திருந்தன. மருந்துக்கு இடமிருந்தது. அந்தப் பெண் இன்று கிளிவெட்டியில் வயலுக்குப் போகிறார், மெசின் தேவைப்படவில்லை.

பழைய சிலைட்டைத் திருப்பி எடுத்துப்போக நசீரா மறுத்துவிட்டார். "எனக்கு ஏலாது சேர். நீங்களே வச்சிருங்கோ." அது என் அலுமாரியில் மற்றச் சிலைட்டுகளோடு இருக்கிறது. இடைக்கிடை எடுத்துப் பார்ப்பேன். வட்டத்துக்குள் அதே வடு, அசைவேயில்லை. ஆனால் மற்றவையெல்லாம் கண்ணாடிக்குரிய குளிர்ச்சியோடு இருக்க, இதை எடுக்கும்போது மட்டும் விரலில் இளஞ்சூடு படுகிறது, யாரோ இப்போதுதான் கையைக் கொடுத்ததுபோல.