தாமதத்துக்குப் பொறுப்பேற்ற செல்வராணி அக்கா

திருப்பாலைவனத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது செல்வராணி அக்காவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போய்ட்டாங்கம்மா. காலைல டீ குடுக்கப் போனா அசைவே இல்ல" என்றார். வந்த பேருந்தில் ஏறத் தோன்றவில்லை.

அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும், கோட்டைக்குப்பத்தில் அவரோடு வளர்ந்த உங்களுக்கு, சென்னையில் அவர் பார்த்த வேலை முழுதாகத் தெரிந்திருக்காது. நீர்மின் அணைகளுக்கான அனுமதி எங்கே, எதனால் தேங்கி நிற்கிறது என்று கண்காணிக்கும் அரசுப் பிரிவில் அவர் அதிகாரி. காட்டூர்க்காரியான நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். அவர் போன் செய்தாலே கோப்புகள் நகரும்.

மலையடிவாரத்தில் ஒரு பழைய அணை. அதில் மின்சாரம் எடுப்பதற்கான அனுமதி வெகுகாலமாக நின்றிருந்தது. காரணம் பார்த்துவர எங்களை அனுப்பினார்கள். அன்று சோதனை ஓட்டம். தண்ணீர் விடுவதற்கு முன் சைரன் ஊதுவோம், கீழே இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள் என்றார் அங்கிருந்த பொறியாளர்.

"அந்த சைரன கீழ நின்னு கேக்கலாம், வா" என்று அக்கா என்னை ஆற்றுக்கு அழைத்துப்போனார். பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கணுக்காலில் இருந்த தண்ணீர் திடீரென்று முழங்காலுக்கு ஏறியது. "மேல போங்க, மேல போங்க" என்றபடி அக்கா ஒரு கர்ப்பிணியின் கையைப் பிடித்து இழுத்தார். பாறைகளைப் பற்றிக்கொண்டு எல்லோரும் தப்பினோம். துணிகள் போய்விட்டன.

ஜீப்பில் அவரால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க நைனாவும் சித்தப்பாவும் ஏரில வலை போட்டுனு இருந்தாங்க. மேல அணைல தண்ணி தொறந்தத யாரும் சொல்லல. முகத்துவாரத்து இழுப்புல படகு கடலுக்குப் போயிடுச்சி. நைனா வந்தாரு. சித்தப்பா வரல" என்றார்.

அடுத்து நடந்த கூட்டத்தில், "இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு?" என்று மேலதிகாரி கேட்டார்.

"நான்தான் சார். ஆத்துல நிக்கறவங்களுக்கு சைரன் கேக்கற வரைக்கும் என் பேரையே போட்டுக்கோங்க" என்றார் அக்கா. தாமதத்தைத் தட்டிக்கேட்க வேண்டியவரே அப்படிச் சொன்னதும் மேலதிகாரி அடுத்த கோப்பை எடுத்தார். வெளியே வந்ததும் என் தோளைப் பற்றிக்கொண்டார். "காலு நிக்கல சுமதி. இன்னா பண்ணுவாங்களோ."

அவரை எதுவும் செய்யவில்லை. அனுமதியும் கொடுக்கப்படாமல் நின்றது. ஆனால் சைரனை இன்னும் மாற்றவில்லை. இப்போது அவர் இருக்கையில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் கூட்டத்தில் அதே அணைதான். "அனுமதிய இந்த முறை முடிச்சுடுங்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மழைக்காலம் நெருங்குகிறது. கண்ணை மூடினால் அந்தப் பெண்கள் குனிந்து துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவின் துணிச்சல் என்னிடம் இருக்கிறது என்று உங்கள் முன் சொல்ல ஆசைதான். இருப்பது அவருடைய பயம். நடுங்கிக்கொண்டே மாட்டேன் என்று சொல்ல ஒருவரால் முடியும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தோடுதான் கூட்டத்துக்குப் போகிறேன்.