எறும்பு மொய்த்த படக்கதை

முதலில் வீங்கியது என் மகளின் கண்ணிமை. ஹரிணிக்கு அப்போது ஐந்து வயது. கொசுக்கடி என்று விளக்கெண்ணெய் தடவினேன். மூன்றாம் நாள் காலும் வயிறும் உப்பின. சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல நுரைத்தது. பாகூரில் பஸ் பிடித்து, புதுச்சேரிப் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம்.

நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரக வடிகட்டி பழுதாகி, உடம்பின் புரதம் சிறுநீரில் ஒழுகும் நோய்) என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் தர வேண்டும்; நடுவில் நிறுத்தினால் ஆபத்து. தினமும் காலையில் சோதனைக் குழாயில் சிறுநீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. திரிந்த பால்போல வெளுத்தால் புரதம் போகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழாய் இருந்தால், அந்த வெள்ளையைக் கண்ட காலை எப்படி விடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டு வாரத்தில் குழாய் தெளிந்தது. நோயின் வீக்கம் வடிந்த இடத்தில் மாத்திரையின் வீக்கம் ஏறியது. கன்னங்கள் உருண்டு, கழுத்தே தெரியவில்லை. இதற்கு ‘நிலா முகம்’ (ஸ்டீராய்டால் கொழுப்பு சேர்ந்து முகம் உருண்டையாவது) என்று பெயராம். பெயர் வைத்த புண்ணியவானைப் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

நான் அங்கன்வாடி டீச்சர். படக்கதை வாசிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அங்கே பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது தொப்பு என்ற குண்டுப் பையனின் கதை. ஊர் லட்டையெல்லாம் திருடித் தின்பான். அவன் உட்கார்ந்தால் ஊஞ்சல் அறுந்துவிழும், எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியில் இளைத்துப்போய்ப் பந்தயத்தில் ஜெயிப்பான். வருடாவருடம் கன்னத்தை உப்பிக்காட்டி, தொப்பு மாதிரி நடந்துகாட்டி நான் வாசித்த கதை அது. வீட்டோடு கிடந்த மகளுக்கும் அதையே எடுத்துவந்து வாசித்தேன். அவளும் சிரித்ததாகத்தான் நினைத்தேன்.

ஆறாவது வாரம் குழாய் மறுபடி வெளுத்தது. அப்புறம் தினமும் வெளுத்தது.

“மாத்திர கரெக்டா போவுதாம்மா?” என்று கேட்டார் மருத்துவர்.

“ஒரு வேள தவறல சார். தேன்ல வச்சு நானே குடுக்கறேன்.” எனக்குக் கோபம்தான் வந்தது.

“அப்ப மாத்திரைக்கு நோய் கேக்கல போல. இன்னும் ஒரு வாரம் பாப்போம். கொறையலன்னா பயாப்சி பண்ணிடலாம்.”

பயாப்சி என்றால், சிறுநீரகத்தில் ஊசி இறக்கித் துணுக்குச் சதை எடுத்துப் பார்ப்பது.

மூன்று நாள் கழித்து, ஹரிணியின் பாய் ஓரமாக எறும்பு சாரை போனது. சாரை போய்ச் சேர்ந்த இடம் தொப்பு புத்தகம். பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. பிய்த்துப் பிரித்தேன். தொப்பு ஊஞ்சலிலிருந்து விழும் படத்தின்மேல் பாதி கரைந்த மாத்திரைகள். தேனும் எச்சிலும் எறும்புமாக நசநசவென்று இருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

“இன்னாடி இது?”

“அத தின்னா நானும் தொப்பு ஆயிடுவேன். சிரிப்பாங்க.”

“யார்டி சிரிக்கறது?”

“நீதான். இப்டி.” கன்னத்தை உப்பிக் காட்டினாள். அப்படியே நான்தான்.

அதற்குப் பிறகு குமட்டியது புத்தகத்தைப் பார்த்து அல்ல.

“நல்லவேள, ஊசி போடறதுக்கு முன்னாடி சொன்னீங்க” என்றார் மருத்துவர். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பித்தோம். விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். அதற்கு முன்னால், பிள்ளை எதற்குப் பயப்படுகிறது என்று கேளுங்கள். பத்து நாளில் குழாய் தெளிந்தது. பயாப்சி தேவைப்படவில்லை.

அங்கன்வாடி அலமாரியை ஒருநாள் முழுக்கப் புரட்டினேன். குண்டாக இருந்தால் பேராசைக்காரன். கறுப்பாக இருந்தால் அரக்கி. நொண்டினால் திருடன். நல்லவர்களுக்கெல்லாம் ஒரே ரோஸ் கன்னம். வழவழப்பான தாளில் அச்சடித்த அசிங்கம். அதைக் குரல் மாற்றி மாற்றி ஊட்டியவள் நான். தொப்புவை, எறும்பு அரித்துவிட்டதாக ஆபீசுக்கு எழுதிக்கொடுத்து ஒழித்தேன். அதில் பொய்யும் இல்லை.

மாத்திரை குறையக் குறைய ஹரிணியின் முகம் வற்றியது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, “இப்பத்தான்டி மூஞ்சி மூஞ்சியாட்டம் கீது” என்றார்.

ஹரிணி என் பக்கம் திரும்பினாள். “அப்ப இருந்தது யார் மூஞ்சிம்மா?”

“அதுவும் உன் மூஞ்சிதான்டி. இரு, காட்டறேன்” என்று போனை எடுத்தேன். மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். பொங்கலுக்கு எடுத்த படம் இருந்தது. அடுத்த படம் ஆடி மாதத்தில். நடுவில் ஒன்றுமில்லை. யாரும் அழிக்கவில்லை. நான் எடுக்கவே இல்லை.

“எங்கேம்மா?” என்று அவள் போனை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இந்த நோய் திரும்பி வரக்கூடியது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வந்தால் முதலில் அவளைப் படம் எடுப்பேன். அப்புறம்தான் சோதனைக் குழாய்.