கவுன் காய்ந்த மோட்டர்

நெடுநாள் சும்மா கிடந்த தண்ணீர் மோட்டரைச் சாக்கால் மூடி, உள்ளே பல்பை எரியவிட்டிருந்தான் மகன். சூடேறிய சாக்கின் வாசனையில், நான் வளர்ந்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தேயிலை விலை விழுந்து மூடிக்கிடந்த ஆலையைத் திறக்கப்போனார்கள். மெக்கானிக்கான அப்பா, மோட்டரின் கம்பிச் சுருளில் ஏறிய ஈரம் போகக் கரியடுப்பு வைத்து, சாக்கால் மூடி, மூன்று நாள் காயவைத்தார்.

அடைமழையில் நாங்கள் குடியிருந்த லயத்து அறையில் எதுவும் காயவில்லை. அப்பா சாப்பிடப் போன நேரம், என் ஒரே பள்ளிக் கவுனைச் சரியாகப் பிழியாமலே மோட்டர்மேல் விரித்துச் சாக்கை மூடினேன். அவர் திரும்புமுன் வெதுவெதுப்பாக எடுத்துவந்தேன்.

"சாக்கத் தொட்டியா புள்ள?" என்று சாயந்தரம் கேட்டார்.

"இல்லப்பா."

மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது, தோட்டத்து மேலாளரான தொரையின் கண்முன்னே மோட்டர் புகைந்தது.

"என் அவசரந்தான் தொரை," என்றாராம் அப்பா. வேலை போனது.

வீட்டுக்கு வந்தவர், பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "மோட்டருக்குள்ள கெடந்துச்சு. புள்ள கவுன்ல தச்சுக் குடு." என் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவர் அதைப் பேசவேயில்லை, நானும்தான்.

மகன் வந்தான். "சாக்கத் தொட்டீங்களாம்மா?"

"இல்லப்பா," என்றேன். இந்த முறை உண்மைதான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.