எங்கள் மூவரின் ஒரே இசைத்தட்டு

மேடையில் பாடும் தொழிலில் குரலுக்கு முன்னால் முழங்கால்தான் தாளம் போடும். மேடையேறி நடுங்கிய சகோதரிகளுக்கு இது தெரியும்.

செங்கல்பட்டு கான்வென்டில் ஒன்றாகப் பாடிய ஸ்டெல்லா, மும்தாஜ், நான் மூவரும் மகாபலிபுரம் ஓட்டலில் சனிக்கிழமைதோறும் பாடினோம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் உருகிப் பாடும் ‘சோல்’ மெட்டில், எங்கள் தமிழ் வரிகள். அப்போது என் மகனுக்கு எட்டு மாதம். “புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் பாட்டை மூட்டை கட்டிடணும்” என்று மாமியார் சொல்லியிருந்தார். அவன் மூக்கைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

முதல் சனிக்கிழமை

பழக்கதோஷம், மாதா கோயில் பாடகர் குழுபோலக் கைகளைப் பின்னால் கட்டி வரிசையாக நின்றோம். முன்மேசை வெள்ளைக்காரத் தம்பதி பிரார்த்தனை என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள். டிரம் வாசிப்பவர் தலையில் அடித்துக்கொண்டார்: “இன்னாம்மா, பூசைக்கா நின்னுகினுகீறீங்க? கொஞ்சம் ஆடுங்கம்மா!”

ஒரே மைக்

எங்கள் பாட்டை இசைத்தட்டாகப் போட மெட்ராஸில் ஒலிப்பதிவு; மூவருக்கும் ஒரே மைக். அன்றைக்குப் பிள்ளையைப் பிடிக்க ஆளில்லை. நான் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அவனும் வீறிட்டான். இரண்டு முறை வீண். “இன்னும் ஒரு தடவைதான்” என்றார் ஒலிப்பதிவாளர். முந்தானையால் மூடிப் பால் கொடுத்துக்கொண்டே பாடி முடித்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றினார்: “கடைசியில ஒரு ஏப்பம் விழுந்திருக்கும்மா. தாளத்துலதான் விழுந்திருக்கு, விட்டுட்டேன்.”

எந்தப் பெட்டி?

ஒரே ஒரு அட்டைப்பெட்டி நிறையத்தான் தட்டு அடித்தார்கள். பஜாரில் மும்தாஜின் மாமா வைத்திருந்த இசைத்தட்டுக் கடைக்குக் கொண்டுபோனோம்.

“பக்தியா, சினிமாவா? ரெண்டும் இல்லாததை எந்தப் பெட்டில வெக்கிறது?” என்றார் அவர்.

மும்தாஜ் விடவில்லை: “கண்ணுல படற பெட்டில வை மாமு. பேஜாரு பண்ணாதே!”

இருமல்

அந்த வாரமே பிள்ளைக்கு இருமல். வெள்ளிக்கிழமை நின்றுவிட்டது, ஆனால் மாமியார் இறங்கி வரவில்லை. “அவ்ளோதான், பாட்டு முடிஞ்சுது” என்றார். ஆனாலும் சொன்னேன்: “நாளைக்கு நான் பாடப் போறேன் அத்தை. பயமா இருந்தா நீங்களும் வந்து அவனைப் பாத்துக்கோங்க.”

முறத்தை எடுத்து அரிசி புடைத்தார். பிறகு நிமிராமலே சொன்னார்: “பஸ்ஸுல எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்.”

இப்போதும் சனிக்கிழமைதோறும் பயமும் எங்களோடு பஸ் ஏறுகிறது. அது நின்றுகொண்டே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.