மூலத்துக்கு ஒரு ரப்பர் வளையம்

டொக்டர்மார் மாலையில் வந்து காசுக்கு நோயாளர் பார்க்கும் எங்கள் சனல் சென்டரில், இருட்டிய பிறகு திரைக்குப் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மூலத்துக்கு வளையம் மாட்டும் கருவியின் அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. இடுப்புக்குக் கீழே எதற்கும் பெயர் சொல்லாத கொன்வென்டில் படித்த நான், டொக்டரம்மாவுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிறேன். உட்காரப் பயப்படும் சகோதரங்களே, நானும் உங்களில் ஒருத்திதான். பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கும் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு பயம்.

கத்தி எங்கே?

கண்டி மார்க்கெட்டில் மசாலாக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர், தட்டில் கத்தியைத் தேடினார். "கத்தியில்லை நானா. மூலத்தின் அடியில் இந்தச் சின்ன வளையத்தை மாட்டினால், இரத்தம் போகாமல் வாடி, சில நாளில் தானாக விழுந்துவிடும்" என்றேன். வளையத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மிளகாய்ப் பைக்கு நாங்க போடுற ரப்பர்தானே இது! இதுக்குப் பயந்தா நான் இவ்வளவு காலமும் நின்டுக்கிட்டே யாவாரம் செஞ்ச?"

வாத்தியார்

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவருக்கு மூலம் பெரிது, வளையத்துக்கு அடங்காது. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து, வட்ட ஸ்டேப்ளரால் சதையை வெட்டித் தைக்க வேண்டும் என்றார் டொக்டரம்மா.

"ஓம் பிள்ளை, காலம் முழுக்கப் பெடியளின்ர பேப்பருக்கு ஸ்டேப்ளர் அடிச்சனான். இப்ப என்ர முறை."

ஹந்தானைத் தோட்டத்துக் கோகிலா

என் வயதுதான். அவளுக்கும் கைப்பிள்ளை. அவள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குக் கருவாடும் பூண்டும் மிளகும்தான். கீரை கூடாது, தண்ணீர் தொண்டை நனைய மட்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்குமாம். என் மாமியார் வைத்த அதே பத்தியம். "அதுதான் இறுகி, முக்கி, மூலம் வந்திருக்கு. நல்லாத் தண்ணி குடி" என்று அதட்டினார் டொக்டரம்மா.

வளையம் மாட்டும்போது கோகிலாவின் கையைப் பிடித்திருந்தேன். முடிந்து இறங்கியும் அவள் என் கையை விடவில்லை.

"அக்கா, நான் வந்ததுலேருந்து நீங்க ஒரு தடவகூட உக்காரலங்க. உங்களுக்கும் இருக்குல்ல? ஏறிப் படுங்க, நான் புடிச்சுக்கிறேன்."

நான்

ஏறிப் படுத்தேன். டொக்டரம்மா பரிசோதித்து, எனக்கும் வளையம் போதும் என்றார். இடப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டு, கோகிலாவின் கண்ணையே பார்த்துக் கிடந்தேன். குத்தவில்லை, கனமாக ஏதோ அழுத்தியது.

"எழும்பு மகள், எப்பவோ முடிஞ்சுது. அந்தப் பிள்ளைட கையை விடு, பாவம், சிவந்திட்டுது."

இரத்தம் போய் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது என்று இவ்வளவு நாளும் டொய்லெட் கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போன நான், வளையம் விழுந்து இரத்தமும் நின்ற இன்றிரவு, வெளியே மாமியார் கருவாட்டுக் குழம்போடு கூப்பிடக் கூப்பிட, போத்தல் தண்ணீரோடு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன்.