சனிக்கிழமை பூட்ஸ்

மோர்னிங்சைடில் ஒரு வீட்டின் பேஸ்மன்டில் நானும் மதுரைக்காரர் ஒருவரும் ஆளுக்கோர் அறையில் வாடகைக்கு இருந்தோம். அவர் கம்ப்யூட்டர் வேலை; என்னைவிடப் பத்து வயது குறைவு. சமையலறையும் வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டும் மட்டும் பொது.

அந்த இலையுதிர்காலத்தில் நான் கணுக்காலுக்கு மேலே வரும் கபில நிறத் தோல் பூட்ஸ் வாங்கினேன். சனிக்கிழமைகளில் கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போவதில்லை. கழற்றி வைத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

நவம்பர் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூட்ஸின் முனையில் வெள்ளைக் கோடு தெரிந்தது. பனி உறையாமல் இருக்க ரோட்டில் போடும் உப்பு. வெள்ளி இரவு நான் துடைத்துத்தான் வைத்திருந்தேன். அடுத்த சனி, கோயிலுக்குப் போகும் முன் இடது பூட்ஸுக்குள் ஒரு கடை விளம்பரத்தாளை நாலாக மடித்து வைத்தேன். வந்து பார்த்தபோது தாள் வலது பூட்ஸுக்குள் இருந்தது.

அன்று சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன்.

"உம்மட சப்பாத்து சைஸ் என்ன?"

"ஒம்பதுண்ணா. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

என்னுடையதும் ஒன்பதுதான்.

மூன்றாம் சனி நான் கோயிலுக்குப் போகவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கோப்பிக் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு அவர் வந்தார். காலில் என் பூட்ஸ்.

கடும் நீல ஜீன்ஸின் விளிம்பை இரண்டு மடிப்பு மடித்து, பூட்ஸின் வாய்க்குச் சற்று மேலே நிறுத்தியிருந்தார். இடையில் சாம்பல் நிறக் கம்பளி சொக்ஸ் ஒரு விரலளவு தெரிந்தது. மேலே முழங்கால்வரை கறுப்புக் கோட். நான் அதே பூட்ஸை, காற்சட்டை அதன்மேல் சுருண்டு கிடக்க, இரண்டு மாதம் போட்டுத் திரிந்தவன். எடுத்துப் போட்டதைவிட, அவருக்கு அது அவ்வளவு பொருந்தியதுதான் எனக்கு ஆத்திரத்தைத் தந்தது.

ரோட்டைக் கடந்து போனேன்.

"எங்க போறீர்?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "சாரிண்ணா. ஆபீஸ் வேலை போயி ரெண்டு மாசமாச்சு. சனிக்கிழமை ஒரு ஆம்பளைங்க துணிக்கடையில நிக்கிறேன். பழைய ஷூவோட வந்தா உள்ள விடமாட்டேங்கிறாங்க."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேலை போனது தெரிஞ்சிரும். நீங்க மேல இருக்கிற வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருவீங்களோன்னு பயந்தேன்."

என்னைப் பற்றியும் ஒருவர் இப்படி யோசித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

"போம், பிந்தப் போகுது," என்றேன்.

அன்று மாலை அவர் வினாகிரி கலந்த தண்ணீரில் துணியை நனைத்து உப்புக் கறையைத் துடைத்தார். பிறகு என் காற்சட்டையை மடித்துக் காட்டினார். "தடிமனான துணின்னா ஒரு மடிப்புப் போதும்ணா." வீட்டுக்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் பூட்ஸ் அவருடையது என்றாகிவிட்டது.

பெப்ரவரியில் அவருக்கு வேறு கம்பனியில் வேலை கிடைத்து, மில்லிக்கன் பக்கம் குடிபோனார். பெட்டிகளைக் காரில் ஏற்றி, கை குலுக்கி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். நேரே என் அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. கதவைச் சாத்தும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.