லியோனோரின் இடது முழங்கால்

1. ஹோட்டலில் இருந்து வந்த அழைப்பு

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டின் முன்னறையையே சிகிச்சை அறையாக மாற்றிக்கொண்டேன். வள்ளத்தில் வழுக்கி விழுந்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று நாளாந்தம் சிலர் வருவார்கள். ஒரு பின்னேரம் கடைசி ஆளை அனுப்பிவிட்டுத் தேநீர் ஊற்றிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. நிலாவெளியில் உள்ள ஹோட்டல் ஒன்றின் மனேஜர்.

"மிஸ், எங்கட கெஸ்ட் ஒராளுக்கு முழங்கால் பிரண்டு போச்சு. டொக்டரிட்டக் கொண்டுபோவம் எண்டா, முதல்ல ஒரு பிசியோவைக் கூப்பிடுங்கோ எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது. ஒருக்கா வந்து பார்ப்பீங்களோ?"

"எப்பிடி நடந்தது?"

"பள்ளிக்கூட மைதானத்தில எங்கட பெட்டையளோட பந்து விளையாடினது மிஸ். அது சும்மா பிள்ளை இல்லையாம். போர்த்துக்கல்ல பெரிய ரீமுக்கு விளையாடுறதாம்."

அடிபட்ட உடனே டொக்டரைக் கேட்காமல் பிசியோவைக் கேட்கும் ஆள் என்றால், அந்தப் பிள்ளைக்கு முழங்காலைப் பற்றி முன்பே தெரிந்திருக்கிறது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓட்டோ பிடித்தேன்.

லியோனோருக்கு அப்போது இருபத்தொரு வயது. கட்டிலில் சாய்ந்து, இடது காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி, ஐஸ் வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் என்னை அறிமுகப்படுத்தியதும் லியோனோர் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி முழங்காலைப் பற்றியது அல்ல.

"அந்தப் பெண் எங்கே? என்னோடு மோதியவள். அழுதுகொண்டு ஓடிவிட்டாள். யாராவது அவளைப் போய்ப் பார்த்தீர்களா?"

ஐஸை எடுத்தேன். வீக்கத்தின் மேலே பழைய ஒபரேஷன் தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது.

2. கைக்குத் தெரிந்தது

நோயாளியின் கதையைக் கேட்காமல் காலில் கை வைப்பதில்லை என்பது என் வழக்கம். அவள் சுருக்கமாகச் சொன்னாள். வட போர்த்துக்கலில் ஒரு மீன்பிடி ஊர். தகப்பன் மீன் சந்தையில் வேலை. ஊரில் பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்ட ரீம் இல்லாததால் பையன்களோடு விளையாடி வளர்ந்தாள். பதினைந்து வயதில் வீட்டை விட்டு நகரத்துக் கழகத்தின் விடுதிக்குப் போனாள். இடது பக்க விங்கில் வேகமாக ஓடுவாள் என்று பெயர் எடுத்து, இளையோர் தேசிய அணிக்கும் தெரிவானாள். பதினெட்டில் இந்த முழங்காலில் ஏ.சி.எல். அறுந்தது. முழங்காலுக்கு நடுவில் கயிறு போல இருக்கும் லிகமென்ட் அது. ஒபரேஷன் செய்து, மீண்டும் நடக்கப் பழகி, ஓடப் பழகி, போன சீசன் முழுவதும் விளையாடியிருக்கிறாள். இப்போது ஸ்பெயினில் ஒரு பெரிய கழகம் அவளைக் கேட்டிருந்தது. விடுமுறை முடிந்து போனதும் மருத்துவப் பரிசோதனை, பிறகு கையெழுத்து.

"கடற்கரையில் நடந்து போனபோது இந்தப் பிள்ளைகள் விளையாடுவதைக் கண்டேன். தள்ளி நின்று பார்க்க முடியவில்லை," என்றாள்.

லாக்மன் ரெஸ்ட் என்று ஒரு பரிசோதனை உண்டு. ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னுக்கு இழுப்பது. நல்ல முழங்கால் என்றால், இழுத்த கயிறு விறைப்பது போல ஒரு இடத்தில் டக்கென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்காது. முதலில் வலது காலில் செய்தேன். நின்றது. பிறகு இடது கால். அவள் தன் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிற்கவில்லை, இல்லையா?" என்றாள்.

"ஸ்கேன் எடுத்துத்தான் உறுதியாகச் சொல்லலாம்," என்றேன். அவள் பார்வையை விலக்கவில்லை. "இல்லை மகள். நிற்கவில்லை."

அக்கா போர்த்துக்கேய மொழியில் அவசரமாக ஏதோ சொன்னாள். லியோனோர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். அவள் பேசத் தொடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பி மெதுவாக விளக்கினாள்: "ஸ்கேன் வரும்வரை யாருக்கும் சொல்லாதே என்றேன். இவள் இப்போதே ஸ்பெயினுக்குப் பேசுகிறாள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்கிறாள்."

லியோனோரின் குரல் கடைசிவரை நடுங்கவில்லை. நன்றி சொல்லி போனை வைத்தாள். அதன் பிறகுதான் கட்டிலில் கிடந்த துவாயை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு அழுதாள். தோள்கள் குலுங்கின. நான் அவளுடைய கணுக்காலைப் பிடித்தபடி இருந்தேன்.

துவாயை எடுத்ததும் மூக்கைத் துடைத்தாள்.

"அவளுடைய வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்வீர்களா?"

3. றிஸ்னாவின் வீடு

மோதிய பிள்ளையின் பெயர் றிஸ்னா. உயர்தரம் படிப்பவள், குச்சவெளிப் பக்கம் வீடு. தகப்பன் கடற்தொழில். இனிமேல் பந்து விளையாடவே மாட்டேன் என்று அவள் விளையாட்டுச் சப்பாத்துகளைப் பள்ளிக்கூடத்தில் பந்து பழக்கும் கோச் சேரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக மறுநாள் காலையில் மனேஜர் சொன்னார். ஸ்கேனைப் போர்த்துக்கல் போய் எடுப்பது என்று முடிவானதால், லியோனோரின் முழங்காலை அசையாமல் பிடிக்கும் பிரேஸ் போட்டு, ஊன்றுகோல்களில் நிற்கப் பழக்கினேன். வலி இருந்தது. ஓட்டோவின் பின் ஆசனத்தில் காலை நீட்டி வைத்துக்கொண்டு அவள் கடற்கரை வீதியால் வந்தாள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தேன்.

வாசலில் எங்களைக் கண்டதும் றிஸ்னாவின் உம்மா வெளிறிப் போனார்.

"மிஸ், எங்களப் பொலிஸில குடுக்கப் போறாங்களா? என்ட புள்ள வேணுமெண்டு செய்யல்ல மிஸ். ராவெல்லாம் சோறு தின்னல்ல."

"இல்லை, இல்லை. இந்தப் பிள்ளை உங்கட மகளைப் பார்க்கத்தான் வந்திருக்கு."

அவர் நம்பவில்லை. ஆனாலும் ஊன்றுகோலில் நிற்பவளை நிற்க வைக்க அவருக்கு மனமில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கதிரையக் கொண்டா புள்ள! குசினிக்குள்ள கிடக்கு!"

லியோனோர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கதிரை என்றாரா? எங்கள் மொழியிலும் நாற்காலிக்கு அதுதான். சமையலறைக்கும் குசினிதான்!"

நான் அதைத் தமிழில் சொல்லி, போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே வந்த சொற்கள் என்றேன். உம்மா நம்பாமல் மேசையைக் காட்டினார். லியோனோர் "மேசா" என்றாள். ஜன்னலைக் காட்டினார். "ஜனேலா." கதவுக்குப் பின்னால் நின்று யாரோ சிரிப்பதும் பிறகு வாயைப் பொத்துவதும் கேட்டது. கதிரையைத் தூக்கிக்கொண்டு றிஸ்னா வெளியே வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"ஐ ஆம் சொறி," என்றாள். பிறகு என்னிடம், "நான் அவட கால்ல தட்டினனான் மிஸ். எனக்குத் தெரியும்," என்றாள்.

லியோனோர் கதிரையில் இருந்து காலை நீட்டினாள். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன். "முதலில் நீ பந்தைத் தட்டினாய். பிறகு நான் இடது காலை ஊன்றித் திரும்பியபோதுதான் கால் பட்டது. அது ஃபவுல் இல்லை. பின்னேரம் முழுக்க விளையாடினோம், என்னிடமிருந்து பந்தை எடுத்தவள் நீ ஒருத்திதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

றிஸ்னா அந்தப் பிரேஸைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "நீங்கள் இனி விளையாடுவீங்களா?"

அந்தக் கேள்வியை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் லியோனோருக்கு விளங்கிவிட்டது.

"தெரியாது. முயற்சி செய்வேன். நாளைக்கு என்னால் ஏலாது. உன்னால் ஏலும்தானே? உன் கால் நன்றாகத்தானே இருக்கிறது!"

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்த் தேநீரோடு திரும்பி வந்தார்.

4. மைதானத்தில் ஒரு பாடம்

மறுநாள் பின்னேரம் மைதானத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் லியோனோர் இருந்தாள். றிஸ்னா வந்திருந்தாள். லியோனோரின் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் போயிருந்தேன். பிள்ளைகள் தலையால் பந்தை முட்டுவதற்குப் பாய்ந்து பாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கள்," என்றாள் லியோனோர் என்னிடம். "இறங்கும்போது எல்லாருக்கும் முழங்கால் உள்ளே போகிறது."

உண்மைதான். பெண் பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். அதிகமாக அறுவதற்கு அது ஒரு காரணம் என்று நான் படித்திருக்கிறேன். ஆனால் மைதானத்தில் நின்று அதைப் பார்த்தது அதுவே முதல் தடவை. எனக்குத் தெரிந்த முழங்கால்கள் எல்லாம் உடைந்த பிறகு என்னிடம் வந்தவை.

"சின்ன வயதில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. இவர்களுக்கு நீங்கள் சொல்லித் தரலாம்," என்றாள்.

"நானா?"

"இங்கே வேறு யார் பிசியோ?"

சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் நான் பாய்ந்து காட்டினேன். சிரித்தார்கள். கோச் சேர் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பி நின்று சிரித்தார். லியோனோர் கதிரையில் இருந்து கத்தினாள். "முழங்கால், மிஸ்! உங்களுக்கும் உள்ளே போகிறது!"

தன் தொழிலே கையை விட்டுப் போன மூன்றாம் நாள் அது. இந்தப் பிள்ளை எதனால் செய்யப்பட்டிருக்கிறாள் என்று மூச்சு வாங்கியபடி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

5. ஒரு திருப்பம்

ஸ்பெயின் கழகம் வேறொருத்தியை எடுத்துக்கொண்டது. பழைய கழகம் அவளைக் கைவிடவில்லை. ஊருக்குப் போனதும் ஸ்கேன் எடுத்து இரண்டாவது ஒபரேஷன் செய்தார்கள். கட்டிலில் காலை ஒரு சாண் தூக்குவது, படியில் இறங்குவது, நேராக ஓடுவது என்று இடைக்கிடை சின்ன வீடியோக்கள் அனுப்புவாள். நான் திருத்தம் சொல்வதற்கு அவற்றில் ஒன்றும் இருக்காது. நடுவில் சில மாதங்கள் ஒன்றும் வரவில்லை. முழங்காலில் நீர் கட்டி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன் என்று பிறகு எழுதினாள்.

அடுத்த சீசனும் பாதி தாண்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே காலை, இங்கே பின்னேரம். பள்ளிக்கூட வகுப்பறையில் கோச் சேரின் லப்டொப்பைச் சுற்றி ரீம் முழுவதும் நெருங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் லியோனோரைப் பதிலாளாக இறக்கினார்கள். சின்ன மைதானம், ஆட்கள் அதிகம் இல்லை. எங்கள் வகுப்பறையில்தான் சத்தம் அதிகம்.

கொஞ்ச நேரத்தில் பந்து அவளிடம் வந்தது. எதிர் அணிப் பெண் ஒருத்தி நேராக ஓடிவந்தாள். உள்ளே வெட்ட வேண்டுமென்றால் இடது காலை ஊன்றித் திரும்ப வேண்டும். அறுந்ததும் அதே காலில் அதே திருப்பத்தில்தான். என்னால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தேன். ஊன்றினாள். திரும்பினாள். கால் நின்றது. பந்தை அடித்தாள். அது கோலுக்கு மேலால் எங்கேயோ போனது. பிள்ளைகளோ கோல் அடித்தது போல மேசைகளில் தட்டிக் கத்தினார்கள்.

"மிஸ், அவ பயப்பிடல்ல!" என்றாள் றிஸ்னா.

"பயந்தவ," என்றேன். "ஊன்ற முன்னம் அரைக் கணம் தயங்கினவ. நான் கண்டனான். பயந்துகொண்டுதான் திரும்பினவ."

றிஸ்னா லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவையும் பார்த்தாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் சிலவேளை என்னிடம் ஆலோசனை கேட்பார்கள். பரிசோதிக்கும் விதம், பிடிக்கும் விதம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்வது வேறு. அடிபட்டு வந்தவருக்கு அந்த நேரத்தில் தன் வலியைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். நம்முன் படுத்திருப்பவர் நம்மைவிடப் பெரிய ஆளாக இருக்கலாம். இன்னொன்று, முழங்கால் உடைந்து நம் அறைக்கு வரும்வரை காத்திருப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் என் அறை பூட்டியிருக்கும். அவசரம் என்றால் நிலாவெளி மைதானத்துக்கு வாருங்கள்.